கேட்காமல் இட்ட சிலுவை

நான் பிசியோதெரபிஸ்ட். பாரிசவாதத்தில் கைகால் விழுந்தவர்களை எழுப்பி, நிற்க வைத்து, நடக்க வைப்பது என் வேலை. அம்மா இதை "டொக்டர் மாதிரி, ஆனா ஊசி போடமாட்டா" என்று எங்கள் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் சின்ன வீடுகள், ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டிய நடைபாதை, எல்லோருக்கும் பொதுவான குழாய். அந்த நடைபாதையால் நான் வெள்ளைச் சட்டையோடு நடந்து போவதை அம்மா கதவில் நின்று பார்ப்பார். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வீட்டை விட்டு யார் வெளிக்கிட்டாலும் அம்மா பெருவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை போட்டு அனுப்புவார். வெங்காயம் உரித்த கையென்றாலும் போடுவார். எனக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டாருக்கு. ஒருமுறை காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்கும் போட்டுவிட்டார். அவர் பௌத்தர். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தார். அப்பா கிளினிக்குப் போகும் நாட்களில் அம்மா குழாயடியில் நின்றால் நான் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் இது பக்தி என்றுகூடச் சொல்ல முடியாது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல ஒன்று.

காலையில் புறக்கோட்டையில் இறங்கி, காலி வீதி பஸ் ஏறி, வெள்ளவத்தைக்குப் போவேன். பஸ் மாறும்போதே என் தமிழும் மாறிவிடும். வீட்டில் "சொல்றேன்" என்பவள் அங்கே "சொல்லுறன்" என்பேன். யாரும் கேட்கவில்லை, நானாக மாற்றிக்கொண்டது. கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரிடம் அப்போது போய்க்கொண்டிருந்தேன். ஐயா என்று கூப்பிடுவேன். அவருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு போகாமல் தப்பியிருந்தாலும் சொற்கள் வாயோரத்தில் இழுபட்டு மெதுவாக வரும். மனைவி உயிரோடு இல்லை. ஒரே மகள் கனடாவில். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டிச் சட்டை மாற்றியதும் ஐயாவின் நெற்றியில் அவர்தான் திருநீறு பூசிவிடுவார். மகள் பார்ப்பதற்காக டீவிக்கு மேலே ஒரு சின்னக் கெமரா இருந்தது.

"பாத்து மிஸ்," என்றார் அக்கா நான் போன முதல் நாளே. "இங்க தும்முனா கனடாவுல இருந்து தடிமனான்னு கேப்பாங்க."

வேலை தொடங்குமுன் நான் மனதுக்குள் ஒரு வரி சொல்வேன். நாற்காலியின் பிரேக், இடுப்புப் பட்டி, தரையில் ஈரம் என்று பார்த்துக்கொண்டு வரும்போது அதுவும் வரும்: ஆண்டவரே, இவரை விழ விடாதேயும். அதற்கு மேல் என் வேலைக்குள் நான் கடவுளைக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவரத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். நோயாளியின் காலை என் காலைப் போல நினைத்துத் தூக்கினால் போதும், அதுவே செபம் என்று ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மூன்று மாதத்தில் ஐயா நன்றாகத் தேறினார். பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒருநாள் நான் இல்லாத நேரத்தில், அக்கா சமையலறையில் நின்ற நேரத்தில், தானாக எழும்பப் போய் விழுந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கால் தயார், தசை தயார், ஆள் தயாரில்லை. நாற்காலியை விட்டு எழும்ப மறுத்துவிட்டார்.

"இண்டைக்கு நிப்பம் ஐயா," என்றேன் அந்த வியாழக்கிழமை.

"நாளைக்குப் பாப்பம் பிள்ளை."

"உங்கட நாளைக்கு ஒரு நாளும் விடியிறதில்லை."

"நீ குளம் கட்டினனியோ? அணை இறுகாமல் தண்ணி விடக்கூடாது."

"அணை எப்பவோ இறுகிட்டுது. இஞ்சினியர்தான் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐயாவின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. அந்தச் சிரிப்பு ஆறுமுன் பட்டியைக் கட்டினேன். என் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். அவர் நல்ல கையை என் தோளில் வைத்தார். முகம் முழுக்க ஒரு குழந்தையின் பயம். நான் பட்டியைப் பிடிப்பதற்கு முன், என் பெருவிரல் அவருடைய நெற்றிக்குப் போய், மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே, ஒரு சிலுவை போட்டது. அவர் கண்ணை மூடினார். என் விரலில் திருநீறு ஒட்டியிருந்தது.

"எழும்புங்கோ," என்றேன்.

எழும்பினார். அக்கா கைதட்டும் அளவுக்கு நின்றார். இறங்கி உட்கார்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு, "கையெழுத்து வைச்சாச்சு," என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவை போட்டதையும் சொன்னேன். சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் இருக்கும்போது எங்கள் நிலையத்து மெடம் போன் எடுத்தார். வீடுகளுக்கு எங்களை அனுப்பும் அந்த நிலையத்தை நடத்துபவர் அவர்தான். முஸ்லிம். முன்பு தாதியாக இருந்தவர்.

"புள்ள, எங்க ஈக்கிறீங்க?"

"பஸ்ஸில மெடம்."

"எறங்குங்க. எறங்கிட்டு எடுங்க. பஸ்ஸுக்குள்ள கதைக்கிற விஷயமில்ல இது."

கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஒரு பேக்கரி வாசலில் நின்று கேட்டேன். மகள் கெமராவில் பதிவானதைப் பார்த்திருக்கிறார். திருநீற்றை அழித்துவிட்டுச் சிலுவை போட்டிருக்கிறாள், மதம் மாற்றுகிற ஆட்களையா வீட்டுக்குள் அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை வீடியோவில் என்னோடு பேச வேண்டுமாம். அதுவரை நான் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது.

வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் நடந்தது லிஃப்ட் கீழே இறங்குமுன் பக்கத்து ஃப்ளாட்டுக்குப் போய்விடும். மதம் மாற்றுகிறவள் என்ற பெயர் ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு கதவும் எனக்குத் திறக்காது. எனக்கு இருக்கும் நோயாளிகளில் பாதிப்பேர் அந்த ஒழுங்கைகளில்தான். ஐயாவுக்கோ, இப்போதுதான் உடைந்த பயம் மறுபடி இறுகிவிடும்.

"ஒரு பிரச்சினையுமில்ல," என்றார் மெடம். "கை தவறிட்டு, முடிய ஒதுக்கினன்னு சொல்லுங்க. முடிஞ்சது."

"ஐயாக்கு முடி இல்லையே மெடம்."

"அப்ப வேர்வை தொடச்சன்னு சொல்லுங்க! எல்லாத்தையும் நானா சொல்லித்தாற?" பிறகு குரலை இறக்கினார். "நானும் ஊசி எடுக்கக்குள்ள பிஸ்மி சொல்றதான் புள்ள. இத்தின வருஷமா சொல்றன். வாய்க்குள்ள சொல்றன். கெமராவுக்குப் படாது. ஒங்கட மார்க்கத்த ஒங்கட விரல்ல வெச்சிக்கொண்டு போனா இப்பிடித்தான்."

அவர் சொன்னது கோழைத்தனமா, மரியாதையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வேர்வை என்று சொல்லிவிடலாம் என்று மருதானைக்கு வரும்போது முடிவெடுத்தேன். கொட்டாஞ்சேனைக்கு வரும்போது அந்த முடிவு என்னிடம் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் செபமாலை. தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் நடைபாதை வரைக்கும் போகும். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். செபமாலை மணிகள் உருட்டி முடிந்து மன்றாட்டு நேரம் வந்ததும், பின்வரிசை வீட்டு அக்கா ஒருவர், "வெள்ளவத்தையில நடக்காத மனுஷன நடக்கவச்ச மாதாவுக்கு நன்றி சொல்வோம்," என்றார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். செபம் முடிந்ததும் அவர் உள்ளே வந்து என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரருக்கும் முட்டி மடங்க மாட்டேங்குது. வந்து நெத்தியில ஒண்ணு போட்டு விடு."

"முட்டிக்கு நெத்தியில போட்டு என்ன அக்கா? எக்ஸ்றே எடுக்கச் சொன்னேனே, எடுத்தீங்களா?"

"அதெல்லாம் எடுக்கலாம். மொதல்ல நீ போடு."

அவரை அனுப்பிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதிரை அடுக்கினார், என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"நல்லதத்தானே சொன்னேன். மாதா செஞ்சத மறைக்கச் சொல்றியா?"

"மாதா செய்யல. தொடைத் தசை செஞ்சுது. மூணு மாசமா அந்தத் தசையோட மல்லுக்கட்டினது நான். இதுக்குப் பேர் இருக்கு, படிப்பு இருக்கு. நாலு வருஷம் படிச்சேன்."

"அப்ப சிலுவை எதுக்குப் போட்ட? தசைக்கா?"

அந்தக் கேள்வி என்னுடையது. அதை அவர் நான் கேட்குமுன் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"அந்த வீட்டுல என்னைய மதம் மாத்துறவன்னு சொல்றாங்க அம்மா. நீங்க இங்க மைக் வச்சுச் சொல்லிட்டிருக்கீங்க."

"மைக் எங்கடி இருக்கு?" என்றார் அம்மா. பிறகு கதிரையில் உட்கார்ந்தார். "வேலை போயிருமா?"

"தெரியாது."

"அப்ப தெரியாமப் பட்டுட்டுதுன்னு சொல்லு. சாமி மன்னிப்பாரு." எழும்பி அந்தக் கதிரையையும் அடுக்கிவிட்டு, "இல்ல, சொல்லாத," என்றார். சோறு போட்டபோது கறிச்சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறையக் குறைய எனக்கு வேர்த்தது. கூண்டுக்குள் இருக்கும் சுவாமியாரிடம் என்ன சொல்வது? ஒரு சைவ மனிதரின் நெற்றியில் சிலுவை போட்டேன் என்றா? அது பாவமா? அவருடைய திருநீற்றின் மேல் போட்டேன் என்றா? இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. இனியும் செய்வேன் என்று சொல்லவும் மனமில்லை. என் முறை வருமுன் வரிசையை விட்டு விலகி, தூணோரம் போய் நின்றேன். நற்கருணைக்குப் போகவில்லை. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பூசை முழுக்க ஐயாவின் முகம்தான் வந்தது. மூடிய அந்தக் கண்கள். ஆறுதலில் மூடினாரா? பயத்திலா? வேறு வழியில்லாமல் மூடினாரா? மூன்றும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். நோயாளியின் முகத்தை வாசிக்கத் தெரியும் என்று பெருமைப்பட்டவள் நான்.

திங்கட்கிழமை மெடமும் நானும் ஒன்றாகப் போனோம். அக்கா கதவைத் திறந்து கண்ணைக் காட்டினார். ஐயா நாற்காலியில், நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீற்றோடு இருந்தார். மேசையில் வீடியோ அழைப்போடு டெப் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் மகள். என் வயதைவிடப் பதினைந்து வயது கூட இருக்கலாம். தூங்காத முகம். கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை.

"தங்கச்சி, நான் நேரடியாக் கேக்கிறன். அண்டைக்கு அப்பாவின்ர நெத்தியில என்ன செய்தனீங்கள்?"

மெடம் முந்திக்கொண்டார். "அது ஒண்ணுமில்ல, புள்ளைக்கு கை..."

"அவ சொல்லட்டும்."

மெடம் மேசைக்குக் கீழே என் முழங்காலை அமத்தினார்.

"சிலுவை போட்டனான்," என்றேன். "கை தவறிப் படேல்லை. அப்பிடிச் சொன்னால் பொய். எங்கட வீட்டில வெளிக்கிடுற ஆக்களுக்கு அம்மா போட்டு விடுறவ. ஐயா பயந்துபோய் இருந்தவர். எனக்கு அவர் எங்கட வீட்டு ஆள் மாதிரித் தெரிஞ்சுது. மதம் மாத்திற எண்ணம் எனக்கில்லை."

முழங்காலிலிருந்து மெடத்தின் கை போய்விட்டது.

"உங்கட அம்மா உங்களுக்குப் போடுறா," என்றார் மகள். "நீங்கள் அவவின்ர பிள்ளை. வேண்டாமெண்டால் தட்டிவிட்டிட்டுப் போவீங்கள். அப்பா என்ன செய்வார்? எழும்பிப் போக ஏலுமோ அவருக்கு? உங்களைப் பகைச்சால் ஆர் அவரைத் தூக்கிறது? வேண்டாமெண்டு சொல்ல ஏலாத ஆளிட்டத்தான் நீங்கள் செய்திருக்கிறீங்கள்."

மூன்று நாளாக நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வேறு குற்றச்சாட்டுகளுக்கானவை. இதற்கு ஒன்றுமில்லை. காஸ் சிலிண்டர்க்காரர் சிரித்துக்கொண்டு குனிந்தார், போய்விட்டார். ஐயாவுக்குப் போக இடமில்லை. பட்டியின் மறுமுனை என் கையில் இருந்தது.

"கேட்டிருக்க வேணும்," என்றேன். "கேக்காமல் செய்தது பிழைதான்."

"அப்ப இப்ப கேளுங்கோ."

"அக்கா?" என்றேன் டெப்பைப் பார்த்து.

"நானும் பாக்கிறன். கேளுங்கோ அவரிட்ட."

கெமரா, டெப், மெடம், சமையலறை வாசலில் அக்கா. எல்லோருக்கும் முன்னால், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பது போல அதைக் கேட்க வேண்டும். எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் பட்டம் என்னோடு இருக்கிறது, வேறு ஊரில் வேலை கிடைக்கும். ஆனாலும் நாற்காலிக்கு முன்னால் போய், என் கண் அவர் கண்ணுக்கு நேரே வரும்படி குந்தினேன்.

"ஐயா. நீங்கள் எழும்ப முன்னம், உங்கட நெத்தியில நான் சிலுவை போடட்டோ?"

ஐயா என்னைப் பார்த்தார். டெப்பைப் பார்த்தார். அவருக்குச் சொல் வர நேரம் எடுக்கும், எனக்கு அது பழக்கம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் ஆசைப்பட்டேன். ஓம், போடு பிள்ளை என்று சொல்வார், எல்லோருக்கும் முன்னால் சொல்வார் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார்.

தெளிவாக வந்தது. நான் பழக்கிய உதடுகள்.

"சரி ஐயா," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பேந்தென்ன பாக்கிறாய்?" என்றார் ஐயா. "பட்டியைக் கட்டு. இவ்வளவு சனத்தைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள், நான் சும்மா இருக்கிறதோ?"

பட்டியைக் கட்டினேன். முழங்காலை முட்டுக் கொடுத்தேன். முகத்தில் அன்றைய அதே பயம். நான் போட ஒன்றுமில்லை. எழும்புங்கோ என்று மட்டும் சொன்னேன். முதல் தரம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தரம் நின்றார். கோணலாக, என் தோளைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டு, ஆனால் நின்றார். டெப்புக்குள் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா, காணும், இருங்கோ," என்றார். அவர் உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, அவர் வேண்டாமெண்டு சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான் அக்கா."

"எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அவருக்கு இப்பவும் சொல்ல ஏலும். நீங்கள் வாங்கோ. வேற ஆள் வேண்டாம்."

லிஃப்டில் இறங்கும்போது மெடம் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே வந்து, ஒழுங்கையில் கடல்காற்று முக்காட்டைத் தூக்க, அதைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களோட வேலை செய்றது பெரிய தலையிடி புள்ள," என்றார். அது பாராட்டா என்று கேட்கவில்லை.

வேலை போகாமல் தப்பிவிட்டது. பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அந்த "வேண்டாம்" என்னோடு பஸ்ஸில் ஏறியது. மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னாரா? வியாழக்கிழமையும் அதுதான் அவருடைய பதிலா? மரியாதையாகச் சொல்லி முடிக்கப்பட்ட ஒரு சொல்லை நான் ஏன் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. நான் கொடுக்க விரும்பியது அவருக்குத் தேவையான ஒன்றையா, அல்லது கொடுக்கிறவளாக இருப்பதையா? இன்றைக்கும் ஒரு நாளைக்கு ஒரு பதில் வருகிறது.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு முதலில் வேலை காதில் விழவில்லை.

"சிலுவைய வேண்டாம்னா சொன்னாரு?"

"அவர் வேண்டாம்னு சொன்னதாலதான் எனக்கு வேலை இருக்கு."

"இது என்ன கணக்கோ." அம்மா அரிசியைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிந்து கனநேரம் ஆகியும் ஊற்றவில்லை. "சரி. நெத்தி அவரோட நெத்தி."

அடுத்த சனிக்கிழமை செபமாலையில் மன்றாட்டு நேரம் வந்ததும் நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நன்றி சொல்லவில்லை, அற்புதம் என்று சொல்லவில்லை. "வெள்ளவத்தையில காலு முடியாம இருக்கிற ஐயாவுக்காக," என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் வழக்கம் போல, மாதாவே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். பிறகு அம்மா என் பக்கம் குனிந்து, காதுக்குள் கேட்டார்.

"இதுக்கும் அவருகிட்ட கேக்கணுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். இப்போது ஐயா மேசையைப் பிடித்துக்கொண்டு பல்கனி வரை போகிறார். ஒவ்வொரு முறையும் பட்டியைக் கட்டும்போது அதைக் கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் உங்களுக்காகச் செபிக்கிறோம், செபிக்கலாமா என்று. அவர் உண்மையைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் கேட்கவில்லை.